நாயும் நட்சத்திரமும் எழுதாத புத்தகங்கள்

2024 ஜூன் 2, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"புகழ்பெற்றவர்களின் தன்வரலாறுகளும் நெஞ்சை உருக்கும் நாய்க் கதைகளும் ஒரே சரக்குதான் என்பது என் கட்சி. முன்னதில் ஒருவர் தம்மை நினைத்துத் தாமே அழுகிறார், பின்னதில் நம்மை அழவைக்கிறார்கள். இவற்றை ஒருமுறை படித்தபின் மறுமுறை தொட்டவர் எவரேனும் உண்டா? காசு கொடுத்து வாங்கத்தக்க ஒன்றையாவது காரணத்தோடு சொல்லுங்கள் பார்ப்போம்."

ஜூன் 2, இரவு

ஒரே சரக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் வேறு. இரண்டிலும் கதைக்கு உரியவர் பேனாவைத் தொடுவதில்லை. நாய்க்கு எழுத வராது. விளையாட்டு வீரருக்கும் நடிகருக்கும் எழுத நேரம் இருப்பதில்லை, சிலருக்கு எழுதவும் வருவதில்லை. ஆகவே வேறொருவர் உட்கார்ந்து அவர்களுக்காக "நான்" என்று எழுதிக்கொடுக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவள் என்பதால், அந்த வேறொருவரின் கை எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே விலகி நின்றிருக்கிறது என்று தேடுவதே என் வாசிப்பாகிப் போயிற்று.

நான் மறுமுறை தொட்ட புத்தகம் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் 'ஓப்பன்', 2009இல் வந்தது. 1990ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு, குளித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய பொய்முடி சிதையத் தொடங்குகிறது. அந்தத் தலைமுடியைப் பார்த்துத்தான் ஊர் உலகமே மயங்கிக் கிடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அண்ணன் கொண்டை ஊசிகளைக் குத்தி அதை ஒருவாறு நிறுத்திவைக்கிறார். மறுநாள் களத்தில் இறங்குமுன் அகாசி கடவுளிடம் வெற்றியைக் கேட்கவில்லை. முடி விழாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறார். ஆந்த்ரெஸ் கோமஸிடம் தோற்றும் போனார். தம் பெருமையைக் காக்க நினைக்கும் ஆள் இந்தப் பக்கத்தை அச்சுக்குப் போக விட்டிருக்கமாட்டார். எழுதிக்கொடுத்தவர் ஜே. ஆர். மோரிங்கர் என்ற பத்திரிகையாளர், 2000இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அவருடைய பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை.

ஜூன் 3

நாயும் நட்சத்திரமும் ஒரே அட்டைக்குள் வந்த புத்தகம் ஒன்றும் இருப்பதை நேற்று மறந்துவிட்டேன். அமெரிக்க அதிபர் மாளிகையில் வளர்ந்த மில்லி என்ற ஸ்பானியல் நாய் சொல்லச்சொல்ல, அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் மனைவி பார்பரா புஷ் எழுதிக்கொண்டதாக 1990இல் ஒரு புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு அதன் உரிமைத்தொகை ஏறத்தாழ 9 லட்சம் டாலர். அதிபரின் சம்பளமோ 2 லட்சம் டாலர். தொகை எழுத்தறிவுப் பணிக்குப் போயிற்று. தன்வரலாறு "எழுதிய" பிறகு பேட்டிகளில் உளறாத ஒரே பிரபலம் மில்லியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 5

எழுதிக்கொடுப்பவர்கள் மேல் எனக்கு ஏன் இத்தனை கரிசனம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் ஒருமுறை அந்த வேலையைச் செய்தவள் என்பதுதான் காரணம்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பக்கத்தில் பெயர் பெற்ற வணிகர் ஒருவர், தம் மணிவிழாவுக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்துக் கொடுப்பதற்காகத் தம் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்றார். பதினொரு மாலைகள் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அவர் பேசியதைப் பதிவு செய்தேன். முதல் ஒன்பது மாலைகளில் அவர் சொன்னவற்றை அவருடைய கடை விளம்பரத்திலேயே படித்துக்கொள்ளலாம். பத்தாம் மாலை, காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இருபத்து நான்கு வயதில் சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடியதையும், மூன்று மாதம் திருச்சியில் லாரிப் பேட்டையில் படுத்துக் கிடந்ததையும், பணம் கட்டியவர்களில் ஒரு விதவை மட்டும் அவரைத் தேடி வந்து வசவு ஏதும் இல்லாமல் "சாப்பிட்டாயா?" என்று கேட்டதையும் சொன்னார். பிறகு ஊர் திரும்பி ஒவ்வொரு ரூபாயையும் கொடுத்துத் தீர்த்திருக்கிறார். அந்தப் பத்தாம் மாலைதான் புத்தகம் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

மெய்ப்புப் பார்த்தபோது தொலைபேசியில் கூப்பிட்டு, "அது வேண்டாம்மா, எடுத்துவிடுங்கள்" என்றார்; அந்தப் பகுதி போயிற்று. முந்நூறு பிரதிகள் அச்சாகித் தேங்காயோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. படித்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அதனால்தான் மோரிங்கர் மேல் எனக்குப் பொறாமை உண்டு. இளவரசர் ஹாரிக்கு அவர் எழுதிக்கொடுத்த 'ஸ்பேர்' 2023 ஜனவரியில் வந்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் சேர்த்து முதல் நாளிலேயே 14 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த அனுபவத்தை அவர் அதே ஆண்டு மே மாதம் நியூயார்க்கர் இதழில் எழுதினார். இராணுவப் பயிற்சி ஒன்றில், எதிரிகளாக நடித்தவர்கள் ஹாரியின் தாயைப் பற்றி இழிவாகப் பேசியபோது, தாம் கொடுத்த பதிலடி புத்தகத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று ஹாரி பிடிவாதம் பிடித்தாராம். நள்ளிரவு தாண்டிய பிறகு காணொளியில் இருவரும் குரல் உயர்த்திச் சண்டையிட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலடி ஹாரியைக் கெட்டிக்காரராகக் காட்டும். அதனாலேயே அது வேண்டாம் என்பது எழுதுகிறவரின் வாதம். கடைசியில் இளவரசர் இறங்கி வந்தார். முதலாளியிடம் அப்படிக் கத்தும் துணிவு எனக்கு இருந்திருந்தால் அந்த விதவை இன்று முந்நூறு வீடுகளில் இருந்திருப்பாள்.

ஜூன் 6

திருத்தம். மோரிங்கரின் பெயர் 'ஓப்பன்' நூலில் எங்கும் இல்லை என்று எழுதியது பிழை. அட்டையில்தான் இல்லை. பின்னால் உள்ள நன்றியுரையில் அகாசி அவரைப் பெயர் சொல்லி நன்றி கூறுவதோடு, அட்டையில் பெயர் போட்டுக்கொள்ளச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார் என்பதையும் எழுதியிருக்கிறார். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்க்காமல் எழுதியதன் பலன்.

ஜூன் 9

இனி நாய்கள்.

நாய்க் கதை மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று சிலர் எழுதியிருப்பதை ஏற்பதற்கில்லை. யானை போன்றவர்களின் நட்பை விட்டு நாய் போன்றவர்களின் நட்பைக் கொள்ளவேண்டும் என்கிறது நாலடியார். யானை பலநாள் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, எறிந்த வேல் தன் உடம்பில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அது கூறும் காரணம். நெஞ்சை உருக்கும் நாய்க் கதை முழுவதும் இந்த ஒரு படத்தில் அடங்கிவிட்டது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கும் கண் கலங்கியது. வேலை எறிந்தவன் யார் என்ற கேள்வி நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. யாரைப் பார்த்து வால் குழைகிறதோ, அவனேதான் எறிந்தவன். பாட்டு அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாயின் பொறுமையைப் போற்றும் எந்தக் கதையிலும் இப்படி எங்கேயோ ஒரு வேல் கேட்பாரற்றுக் கிடக்கும் என்ற சந்தேகம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பாரதத்தில் தருமன் தன் பின்னாலேயே வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று இந்திரனிடம் சொல்லும் இடம் இதைவிடப் பெரிது. ஆனால் அந்த நாய் கடைசியில் தருமதேவனாக மாறிவிடுகிறது. என் பாட்டி கதை சொல்லும்போது அந்த இடத்தில் நான் ஏமாந்து போவேன். அது வெறும் நாயாகவே இருந்து, சொர்க்கத்தில் ஒரு தூண் ஓரமாகப் படுத்து உண்ணியைச் சொறிந்துகொண்டிருக்கக் கூடாதா என்று இருக்கும்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் குரோகனின் 'மார்லி அண்ட் மீ' புத்தகத்தில் வரும் மார்லி வெறும் நாய்தான் என்பதால் எனக்கு அதைப் பிடிக்கும். 2005இல் வந்த அந்தப் புத்தகத்தின் லாப்ரடார், இடி இடித்தால் பித்துப் பிடித்துச் சுவரைப் பிறாண்டும். பழக்கும் வகுப்பிலிருந்து துரத்தப்படும். தங்கச் சங்கிலியை விழுங்கிவிட, வீட்டுக்காரர் அதன் கழிவைக் கிளறிச் சங்கிலியை எடுப்பார். நாய் இறந்ததும் குரோகன் தம் நாளிதழில் எழுதிய பத்திக்கு ஏறத்தாழ 800 மின்னஞ்சல்கள் வந்தன என்பதையும், அவற்றில் பலர் "உம்முடையது என்ன பெரிய நாய், என் நாய் செய்த அழிம்பைக் கேளும்" என்ற தொனியில் எழுதியிருந்தனர் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். இறுதிப் பகுதியில் நான் அழுதேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் சங்கிலியைத் தேடும் பக்கம் இல்லாதிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது.

ஜூன் 10

'ஸ்பேர்' புத்தகத்திலும் நாய் உண்டா என்று கேட்ட நண்பருக்கு: 2019இல் அண்ணன் தள்ளிவிட்டதில் நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தின் மேல் விழுந்ததாகவும், அது உடைந்து முதுகில் குத்தியதாகவும் ஹாரி எழுதியிருக்கிறார். கிண்ணத்தை இழந்தவரின் தன்வரலாறு இன்னும் வரவில்லை.

ஜூன் 16

ஜப்பானிய நாய் ஹாச்சிகோவைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எழுதாமல் இருந்தால்தான் வியப்பு. அதை வளர்த்த, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேளாண் பேராசிரியர் உவேனோ ஹிதெசபுரோ 1925 மே மாதம் பணியிடத்திலேயே இறந்தார். 1935 மார்ச் 8 அன்று தான் இறக்கும்வரை, வேறு போக்கிடம் இல்லாத அந்த அனாதை நாய் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது என்பது கதை. 1932இல் நாளிதழில் செய்தி வந்தபின் அது நாடறிந்த நாயாயிற்று. 1934இல் சிலை திறந்தபோது ஹாச்சிகோவும் அங்கே இருந்தது. போர்க்காலத்தில் உலோகத்துக்காக அந்தச் சிலையை உருக்கிவிட்டார்கள். இன்று அங்கே நிற்பது 1948இல் வைத்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த தகவல் யாரும் அட்டையில் போடாதது. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது அதன் வயிற்றில், கோழி இறைச்சியைக் கோத்துச் சுடும் யாக்கிதோரிக் குச்சிகள் இருந்தன. சாவுக்குக் காரணம் அவையல்ல. புற்றுநோயும் இதயப் புழு நோயும் இருந்ததை 2011இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். நிலையத்தைச் சுற்றியிருந்த கடைகளின் தீனிக்காகத்தான் அது வந்தது என்று வாதிடுவோருக்கு அந்தக் குச்சிகள் போதுமான சான்று.

எங்கள் வீட்டுச் செவலையின் கதையை இதுவரை எழுதாததற்கும் இதுவே காரணம். அப்பா சாத்தூரில் வேலை பார்த்தார்; மாலை ஆறு நாற்பது பேருந்தில் இறங்குவார். செவலை ஆறரைக்கே நிறுத்தத்துக்குப் போய், புளியமரத்து வேரின் மேல் முன்கால்களை வைத்து உட்கார்ந்திருக்கும். அப்பா இறந்தபிறகு நான்கு ஆண்டுகள், கண் புரையோடி வழி தெரியாமல் முட்டிக்கொள்ளும் காலம்வரை, நாள் தவறாமல் போய் உட்கார்ந்தது. உறவினர்கள் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். ஒருநாள் நானும் பின்னாலேயே போனேன். ஆறு நாற்பது பேருந்து வந்தது, போயிற்று. அது இறங்கியவர்களைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பேருந்து கிளம்பியதும் டீக்கடைக்காரர் கண்ணாடிச் சீசாவைத் திறந்து ஒரு பொறையை எறிந்தார். செவலை அதைக் கவ்விக்கொண்டு, என்னைக் கடந்து, வீட்டைப் பார்த்து நடந்தது.

இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தம்பிக்கு மட்டும் எழுதினேன். அவன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

ஜூன் 17

திருத்தம். ஹாச்சிகோவை அனாதை என்று எழுதியது தவறு. பேராசிரியர் இறந்தபின் அதைச் சிலர் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அவருடைய தோட்டக்காரர் கோபயாஷியின் வீட்டில், நிலையத்துக்கு நடந்துவரும் தொலைவில், வளர்ந்தது. தனக்கென்று ஒரு வீடும் சோறும் இருக்கும்போதே அங்கே போய் உட்கார்ந்தது என்றால், குச்சிகளை வைத்து நான் நேற்று நடத்திய வழக்கு சற்று ஆட்டம் காண்கிறது. யோசிக்க வேண்டும்.

ஜூன் 23

பேருந்துப் பயணம் ஒன்றில் மீண்டும் படித்தது வர்ஜீனியா வூல்ஃபின் 'ஃப்ளஷ்'. 1933இல் வெளிவந்தது. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஸ்பானியல் நாயின் வாழ்க்கை வரலாறு என்பதால், கேள்வி கேட்டவரின் இரண்டு அலமாரிகளுக்கும் நடுவில் வைக்கவேண்டிய புத்தகம் இது. லண்டன் திருடர்கள் நாயைக் கடத்திக்கொண்டுபோய்ப் பணம் கேட்பதும், தந்தையும் காதலரும் கொடுக்கக்கூடாது என்று தடுத்தும் அறையைவிட்டு அதிகம் வெளியே வராத அந்த நோயாளிப் பெண் தானே வண்டியேறித் திருடர்களின் பேட்டைக்குப் போவதும் இதன் உச்சம். பின்குறிப்பில் வூல்ஃப் அமைதியாக ஒன்றைச் சொல்கிறார்: ஃப்ளஷ் உண்மையில் மூன்று முறை கடத்தப்பட்டது; கதையின் கட்டுக்கோப்புக்காக அவற்றை ஒன்றாகச் சுருக்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். மூன்றை ஒன்றாக்கிய கை, ஆக்கியதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. இத்தாலியில் தெள்ளுப்பூச்சித் தொல்லையால் ஃப்ளஷின் அழகிய மயிரையெல்லாம் கத்தரித்துவிட, அது அவமானத்தோடும் பிறகு விடுதலையோடும் திரியும் பக்கங்களைப் படிக்கும்போது அகாசியின் பொய்முடி நினைவுக்கு வந்து, பேருந்தில் தனியாகச் சிரித்துவிட்டேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் அந்த ஒப்புதலைச் செய்யவில்லை. 1960இல் சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்து அவர் எழுதிய பயணநூல் 1962இல் வந்தது. ஐம்பது ஆண்டு நிறைவுப் பதிப்பின் முன்னுரையிலேயே, அதை எழுத்துக்கு எழுத்து உண்மையாகக் கொள்ளவேண்டாம் என்று பதிப்பாளர் தரப்பு எச்சரிக்க வேண்டியதாயிற்று. வழியில் சந்தித்ததாகச் சொல்லும் சிலரின் பேச்சு எனக்கு முதல் வாசிப்பிலேயே மேடை வசனம்போல் பட்டது. சார்லிக்குச் சிறுநீர் இறங்காமல், மருத்துவரைத் தேடி அலையும் பக்கங்களில் மட்டும் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

ஜூன் 30

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். செவலை பொறைக்காகத்தானே போயிற்று என்று, பதினொரு ஆண்டுகள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். அவர் நிமிரவில்லை. அந்தப் பொறையை முதலில் வாங்கிப் போட்டது அப்பாதான் என்றார். பேருந்தைவிட்டு இறங்கியதும் டீக்கடையில் ஒரு பொறை வாங்கி அதனிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் நடப்பாராம். நாங்கள் இருவரும் அப்போது விடுதியில் இருந்ததால் இதைப் பார்த்ததில்லை. ஆக, அப்பா வருவதும் பொறை வருவதும் அந்த நாய்க்கு ஒரே நிகழ்ச்சி. இரண்டில் எதற்காகப் போயிற்று என்று நான் பிரித்துக் கேட்டதே பிழை. ஜூன் 16 குறிப்பில் எழுதிய முடிவை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். ஹாச்சிகோ வழக்கையும் கூடவே தள்ளுபடி செய்கிறேன்.

டீக்கடைக்காரர் நல்ல மனிதர், நான்கு ஆண்டுகள் இலவசமாகப் போட்டிருக்கிறாரே என்று சொன்னேன். இலவசம் என்று உனக்கு யார் சொன்னது என்றார் அம்மா. மாதம் பிறந்ததும் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்துவந்திருக்கிறார். கீரைத் தண்டுகளை முறத்திலிருந்து தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார், மேற்கொண்டு பேச்சில்லை.

தம்பிக்கு இதை எழுதியிருக்கிறேன்.

ஜூலை 14

முதல் கேள்வியைக் கேட்டவர் பட்டியல் எங்கே என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறார். 'ஓப்பன்', 'ஃப்ளஷ்' இரண்டும் போதும். பழைய புத்தகக் கடையில் தேடினால் கிடைக்கும்.

ஜூன் 5 குறிப்புக்கு ஒரு திருத்தம் உண்டு. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த வணிகர் சென்ற ஆண்டு காலமானார். இந்தக் குறிப்புகளை யாரோ காட்டியதால் அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டு, பதிவுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டார். பத்தாம் மாலையின் பதிவை அனுப்பிவைத்தேன். கேட்டுவிட்டு மறுநாள் பேசினார். திருச்சிக் கதையை அப்பா பேரப்பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறார், அந்த அம்மாளின் திதிக்கு ஆண்டுதோறும் யாரையாவது அழைத்துச் சாப்பாடு போடுவார், புத்தகத்தில் மட்டும் அதை ஏன் விட்டீர்கள் என்று எங்களுக்கு அப்போதே விளங்கவில்லை என்றார்.

பரணிலிருந்து பழைய மெய்ப்புக் கட்டை இறக்கினேன். திருச்சிப் பகுதி இரண்டரைப் பக்கம். மேலிருந்து கீழாக ஒரு குறுக்குக் கோடு, ஓரத்தில் நீக்கற்குறி, பக்கத்தில் "மணிவிழா மலருக்குப் பொருந்தாது" என்று பச்சை மையில் எழுதியிருக்கிறது. பச்சை மை என்னுடையது. கையெழுத்தும் என்னுடையது. அவர் தொலைபேசியில் எடுத்துவிடச் சொன்னது நாற்பத்தாறாம் பக்கத்தில் இருந்த மைத்துனரின் பெயரை.